விளக்கை எரியவிட்டவர்

தெய்வானை பிறந்த வீட்டுக்குக் கிளம்பும் நாளில் காரில் அந்த மஞ்சள் விளக்கு தவறாமல் எரியும். "இஞ்சின்ல ஏதோ கோளாறு. வழியில நின்னுட்டா என்ன பண்றது?" என்று கணவன் கதிரேசன் பயணத்தை நிறுத்திவிட்டு வேட்டியை மாற்றப் போய்விடுவான். இன்று அவள் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். இன்றும் எரிந்தது.

இந்த முறை அவள் விடுவதாக இல்லை. வண்டியின் கோளாறைச் சொல்லும் மலிவான கருவி ஒன்றை நடைபாதைக் கடையில் வாங்கி வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினாள். திரையில் எழுத்து ஓடியது: 'கோளாறு எதுவும் இல்லை. விளக்கை எரியவிடச் சொன்னவர்: கதிரேசன். போகும் இடம்: மாமனார் வீடு. பதினான்கு முறை.'

"என்னங்க! இங்க வாங்க, உங்க வண்டி என்ன சொல்லுதுன்னு வந்து பாருங்க!"

அவன் வருவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது: 'எரியவிடச் சொன்னவர்: தெய்வானை. போகும் இடம்: கதிரேசனின் அக்கா வீடு. இருபத்திரண்டு முறை.'

கதிரேசன் வெளிறிய முகத்துடன் வந்து நின்றான். "என்ன சொல்லுது?"

'எல்லாவற்றையும் அழி' என்ற பொத்தானை அழுத்திவிட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள். விளக்கு அணைந்தது.

"ஒண்ணுமில்லையாம். ஏறுங்க, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. வர்ற வழியில உங்க அக்காவையும் பாத்துட்டு வந்துடலாம்."