ஐந்து விநாடி

"நெப்டியூனின் மிகப் பெரிய நிலவு எது?"

டிவி போட்டியாளர் யோசிப்பதற்குள் சமையலறையிலிருந்து பஸீலா சொன்னாள். "ட்ரைட்டன்."

சரியான பதில்.

"இந்தப் போட்டிக்கு என் பேரைக் குடுக்கட்டுமாங்க?"

இன்ஜினீயர் அப்துல் ஹலீம் சிரித்தார். "டிஜிட்டல் ஒளிபரப்பு எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்துல வராது பஸீலா. ஞாயித்துக்கிழமை மேட்ச்சுல வாட்ச் வெச்சே பாத்தேன். பக்கத்து வீட்டு மணிமேகலை டிவி நம்மளத விட அஞ்சு செகண்ட் முந்துது. சமையக்கட்டுச் சுவர் வழியா அதைக் கேட்டுத்தானே சொல்றே?"

பஸீலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள்.

"அவங்க திங்கக்கிழமையே ஸ்ரீரங்கத்துல மக வீட்டுக்குப் போயிட்டாங்க. செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிச் சாவி குடுத்திருக்காங்க. வாட்ச்சை எடுத்துக்கிட்டு வரீங்களா?"