பெட்டிக்கு எடுத்த அளவு

முதல் குற்றம்: கறுப்புப் பட்டை அணியும் நாளன்று மாசானம் பட்டை இல்லாமல் கம்பெனி உற்பத்தி லைனில் நின்றான்.

இரண்டாவது: கேட் கூட்டத்துக்கு வராமல், கம்பெனி கழித்துப் போட்ட, சரக்கு அடுக்கும் பேலட் பலகைகளைப் பாஸ் வாங்கிக்கொண்டு அறைக்குச் சுமந்து போனான்.

மூன்றாவது: மே தினத்தன்று கொடியேற்ற ஆள் தேடியபோது, பிள்ளைப்பாக்கத்து வாடகை அறையில் உட்கார்ந்து முக்காலிக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான்.

நான்காவதுதான் தாங்க முடியாதது. ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்கள் மூன்று பேர் ரகசியமாகச் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். யார் மூலமோ பெயர்கள் நிர்வாகத்துக்குப் போய்விட, மூவரையும் ஒரே நாளில் வெளியே தள்ளினார்கள். அடுத்த வாரமே பர்சனல் அதிகாரியின் மேசைமேல் புத்தம்புதிதாக ஒரு மரப்பெட்டி. மாசானத்தின் கைவேலை.

நான்கையும் வரிசை மாறாமல் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார் சங்கத் தலைவர் கோதண்டராமன். நோட்டீஸ் ஒட்டியதற்காக வேலை பறிபோய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது அவருக்கு. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கொடுக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்த அந்தச் சங்க அலுவலகத்தில் அவரை மறுத்துப் பேசியவர் கிடையாது.

"இன்னாபா மாசானம்," என்றார் செயலாளர் டில்லிபாபு. "மூணு பொண்ணுங்க வேல பூட்டு தெருவுல நிக்குதுங்க. நீ அந்தாளுக்குப் பொட்டி செஞ்சி குட்த்துகினு கீற. ஒரு ஆணிகூட அடிக்காம நேக்கா செஞ்சியாமே?"

கூட்டம் சிரித்தது.

"ஆணி அடிச்சா அந்தப் பலகை பொளந்துரும்ணே. பல்லு வெட்டிக் கோத்தேன்," என்றான் மாசானம்.

இன்னும் சிரிப்பு. திருநெல்வேலிப் பக்கத்து ஆள், எதைக் கேட்டாலும் மரத்தைப் பற்றித்தான் பதில் சொல்வான். பெண்களின் பெயரைக் கொடுத்தது நீதானே என்று கோதண்டராமன் கேட்டார். இல்லை என்றான். பின்னே யார் என்று கேட்டார். என் பேரை எடுப்பதென்றால் எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னான்.

துரோகியின் பெயரை அந்தச் சங்கத்தில் திருட்டுத்தனமாக நீக்குவதில்லை. தீர்மான நோட்டில் எழுதி, தலைவர் எழுந்து நின்று எல்லோர் காதிலும் விழப் படிக்க வேண்டும். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். டில்லிபாபு பேனாவைத் திறந்தார்.

வேலை போன மூவரில் ஒருத்தியான மாரிசெல்வி அப்போதுதான் எழுந்தாள். கையில் மடித்த தாள் ஒன்று.

"வேண்டாம் தங்கச்சி," என்றான் மாசானம்.

அவள் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். கம்பெனி கேட்டில் கிடந்த முக்காலியில் மாசானத்தின் வேலைப்பாட்டைப் பார்த்த அதிகாரி, சங்கம் சம்பந்தமான காகிதங்களைப் போட்டு வைக்க ஒரு பெட்டி கேட்டாராம். உள்ளே வைக்கப்போகிற பொருளைக் கையில் வாங்காமல் பெட்டிக்கு அளவு எடுக்கிற வழக்கம் தனக்கு இல்லை என்றானாம் மாசானம். அதிகாரி காகிதக் கட்டை அப்படியே நகர்த்தி வைத்தார். அளவெடுத்துத் திரும்பக் கொடுத்த கட்டில் ஒரு தாள் குறைந்தது.

"எங்க பேரு இந்தத் தாள்லதான் போயிருக்கு, தலைவரே. சங்கத்துல சேர்ந்ததுக்குத்தான் வெரட்டுனாங்கன்னு லேபர் ஆபீஸ்ல காட்ட இது போதும், பத்திரமா வச்சுக்கன்னாரு. எழுதுனது யாருன்னு கேட்டேன். அத மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கோதண்டராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்தார்.

சங்க நோட்டீஸ் அச்சாகுமுன் அச்சகம் திருத்தத்துக்குக் கொடுத்த புரூஃப். அடியில் 'இவண்' என்பதற்குக் கீழே, பேனாவால் எழுதிச் சேர்த்த மூன்று பெயர்கள்.

பெண்களின் பெயர் வேண்டாம் என்றுதான் கமிட்டி சொன்னது. பேர் போடாத நோட்டீஸ் மொட்டைக் கடுதாசி என்று வாதாடி, தம் கையாலேயே எழுதிச் சேர்த்தவர் அவர். மறுநாள் மனசு மாறி, அச்சகத்துக்குப் போன் செய்து நீக்கச் சொன்னார். நோட்டீஸில் பெயர்கள் வரவில்லை. ஆனால் புரூஃபைத் திரும்ப வாங்கத் தோன்றவில்லை. கம்பெனிக்குக் கேன்டீன் டோக்கன் அச்சடிப்பதும் அதே அச்சகம்தான்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் முடிந்தது. அவரை எதிர்த்துக் கேட்க யாரும் இல்லை.

மாசானம் பக்கம் குனிந்தார். "தெரிஞ்சுமா சும்மா நின்ன?"

"என் பேரு போனா ஒரு பேருதான் தலைவரே," என்றான் அவன் தணிந்த குரலில். "உங்க பேரு போச்சுன்னா, கம்பெனிக்காரங்க முன்னாடி போய் நிக்க நமக்கு யாரு இருக்கா?"

டில்லிபாபுவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா தலைவரே, பேர எய்தட்டா?"

"நோட்டைக் குடு."

அவரே வாங்கி எழுதினார். பேனாவை மாரிசெல்வியிடமும் மாசானத்திடமும் நீட்டி, சாட்சிக் கையெழுத்து இவர்கள் இருவரும் போடட்டும் என்றார். பெயரைப் பார்த்த மாசானம் கையைப் பின்னுக்கு இழுத்தான். போடு என்று அதட்டிப் போட வைத்தார்.

பிறகு கேட் கூட்டத்தில் நிற்பது போலவே நிமிர்ந்து நின்றார். குரல் ஒரு இழைகூடத் தழையவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தார்:

"முனுசாமி மகன் கோதண்டராமன்."