ஒற்றைக் கப்பி

“கப்பியில ஒரு குறையும் இல்லக்கா” என்றார் வெல்டர், கயிறு ஓடும் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குறை இல்லாமலா ஒரு வாரமாக என் தோள் கழன்று விழுகிறது?

விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயவைத்துக் கொடுப்பது என் தொழில். துவைப்பது கீழே வாசலில், காயப்போடுவது மொட்டை மாடியில். ஈரக் கூடையைத் தூக்கித் தூக்கியே தோள் போனது. இனியும் கனம் தூக்கினால் கை தூக்கவே வராது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தொழிலை விட மனமில்லாமல்தான் இந்தக் கப்பியை மாட்டினேன்.

மூன்று மாதம் சொர்க்கம். கீழே கூடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மாடிக்கு வந்து கயிற்றை இழுத்தால், கூடை பூப்போல ஏறி வரும். பார்க்கிறவர்களிடமெல்லாம் கப்பியின் புகழ் பாடினேன்.

போன வாரம் அதற்கு என்ன கேடு வந்ததோ, கூடை கல்லாய்க் கனத்தது.

“ஒத்தக் கப்பி கனத்தைக் குறைக்காதுக்கா. மேல தூக்குறதுக்குப் பதிலா கீழ இழுப்பீங்க, அவ்வளவுதான். பாதியாகணும்னா கூடைப் பக்கம் இன்னொண்ணு மாட்டணும்.”

மூன்று மாதம் அனுபவித்தவளிடமே கதை அளக்கிறார். அப்போ நான் என்ன பொய்யா சொல்கிறேன் என்று சண்டைக்குப் போய்விட்டேன்.

அவர் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, கீழ்வீட்டுச் சமையலறை சன்ஷேடைத் தாண்டித் தரைவரை தொங்கிய மீதிக் கயிற்றை மேலே இழுத்தார். முனை கைக்கு வந்ததும் என்னிடம் நீட்டினார்.

முனையில் ஒரு முழத்துக்குத் துணி சுற்றித் தைத்திருந்தது, இழுக்கிற கை உரிந்துபோகாமல் இருக்க.

நான் சுற்றவில்லை.

ஊதாப் பூப்போட்ட நைட்டித் துணி. கீழ்வீட்டுக் கொடியில் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

கீழ்வீட்டில் இருப்பது என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து, இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. வாசலில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

அவள் இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோதுகூட, ‘ம்’ கொட்டியதோடு சரி.

அவர் அதைச் சொன்னது போன வாரம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இத்தனை நாளும் ஒரு இரும்புச் சக்கரத்துக்கா புகழ் பாடிக்கொண்டிருந்தேன்?

இன்னொரு கப்பி மாட்டட்டுமா என்று வெல்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

சுவரோரம் போய் நின்றேன். சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் ஜன்னலுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

“மாட்டுங்க தம்பி. கூடை பாதிக் கனம் ஆகட்டும். எங்க அக்காவுக்கு இடுப்பு வலி.”

கீழே ஜன்னல் கதவு திறக்கும் ஒலி கேட்டது.

“எனக்கு ஒரு வலியும் இல்ல. அந்தக் கயித்தை முதல்ல கீழ விடு.”