வீடெல்லாம் முடி

"டாக்டர், எம் பொண்ணைக் காப்பாத்துங்க!"

கால்நடை மருத்துவமனையே திரும்பிப் பார்த்தது. அவர் 'பொண்ணு' என்று சொன்னது நாயை. அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கப் பின்னால் வந்தவள் அவருடைய மனைவி. அவளும் யாரோ பெற்ற பெண்தான். அதெல்லாம் நமக்கெதற்கு?

நாயை மேஜையில் இறக்கிவிட்டு, மனைவி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வந்ததும் வராததுமா உட்கார்ந்தாச்சு!" என்று அவளை முறைத்தவர், டாக்டரம்மாவிடம் குழைந்தார்.

"தைராய்டு கம்மியா இருக்குமோன்னு சந்தேகம் டாக்டர். நாய்க்கும் வருமாமே? நெட்ல தேடித் தேடிப் படிச்சேன்."

"வரும். என்ன பண்ணுது?"

"நாள் பூரா படுக்கைதான். எடை ஏறிக்கிட்டே போகுது. வெயில் கொளுத்துது, இது போர்வைக்குள்ள போய்ப் புகுந்துக்குது. எல்லாத்துக்கும் மேல முடி டாக்டர்! வீடெல்லாம் முடி!"

அத்தாட்சியாக ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்தார். பை நிறைய முடி. பெருக்கினது மனைவி, பையில் போட்டது மட்டும் அவர். என்ன அக்கறை!

"யாரோட போர்வைக்குள்ள?"

"இவளோடதுதான். மகாராணிக்கு எப்பப் பார்த்தாலும் குளிரும். வேலை விட்டு வந்தா ஒரு வாய் காபிக்கு நான் தவம் கிடக்கணும். இது பாவம், அவகூடச் சேர்ந்து படுத்தே கெட்டுப் போச்சு."

"சாப்பாடு?"

மனைவி கரகரத்த குரலில், "எனக்குப் பசியே எடுக்கிறதில்லை டாக்டர். என் தட்டுல மிச்சமாகிறது எல்லாம் இதுக்குத்தான்" என்றாள்.

"பசி இல்லையாம்! உடம்பைப் பார்த்தா அப்படியா இருக்கு?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இவங்களை எந்த டாக்டர்கிட்டயாவது காட்டினீங்களா?"

"சோம்பேறித்தனத்துக்கு ஏது டாக்டர் மருந்து? நீங்க நாயைப் பாருங்க. வாயில்லா ஜீவன், நாமதானே கவனிக்கணும்?"

டாக்டரம்மா நாயைத் தலை முதல் வால் வரை தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில்கூட முடி கொட்டியிருக்கவில்லை. பையிலிருந்து ஒற்றை முடியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"சார், உங்க நாயோட முடி அரை விரல் நீளம்கூட இல்லை. இது ஒரு முழம் இருக்கே!"

அவர் முடியைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நீங்க படிச்சது எல்லாம் சரிதான் சார், ஆளைத்தான் மாத்திட்டீங்க. நான் மாட்டு டாக்டர், இவங்களுக்கு நான் வைத்தியம் பார்க்கக் கூடாது. இன்னைக்கே நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. தைராய்டுதான்னு உறுதியாச்சுன்னா, தினமும் காலையில வெறும் வயித்துல மாத்திரை. அளவு சரியா அமைஞ்சிட்டா பழையபடி நடமாடுவாங்க."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ... நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் அவர் நாயை வாரி அணைத்துக்கொண்டார்.

"அப்போ இதுக்கு ஒண்ணுமே இல்லையா? வயித்துல பாலை வார்த்தீங்க டாக்டர்!"