சாம்பல் பூச்சி

தூண்டில் முள்ளில் இறகும் முடியும் வைத்து நூலால் கட்டினால், மீன் நிஜமென்று நம்பும் பூச்சி ஒன்று கிடைக்கும். தாராவி வீட்டில் லூசியம்மாளுக்கு அதுதான் தொழில். புது மருமகள் ஸ்வீட்டியும் கற்றுக்கொண்டிருந்தாள்.

“அத்தே, குலுவுலேருந்து தாக்கூர் சாப் போன் பண்ணாரு. மலையில பனி உருகி ஆத்துத் தண்ணி கலங்கிக் கிடக்காம். டிரவுட் மீன் நான் கட்டுன சாம்பல் பூச்சிய மட்டும்தான் கவ்வுதாம். இன்னும் ரெண்டு டஜன் அர்ஜென்டா வேணுமாம்.”

லூசியம்மாள் நிமிர்ந்தாள். “சாம்பல்ல நாம கட்டுறதே இல்லியேட்டி. எந்த முடி?”

“அலமாரில பிஸ்கட் டப்பால இருந்துச்சே, ஆட்டு முடி. கொஞ்சம்தான் மிச்சம். எந்தக் கடைன்னு சொல்லுங்க, வாங்கிட்டு வரேன்.”

லூசியம்மாள் டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“கடையில கெடைக்காதுட்டி. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குக் காலையில உம் மாமனாருக்குத் தாடி மழிச்சேன். அவரு திரும்பி வரல. அந்தத் தாடி இது.”

ஸ்வீட்டி போனை எடுத்தாள். “தெரியாமப் பண்ணிட்டேன் அத்தே. ஆர்டர் வேணாம்னு சொல்லிடறேன்.”

“முப்பது வருசம் பூச்சி கட்டுனாரு. அது போற ஆத்த ஒருக்காவாவது பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

ஒரு சிட்டிகை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, டப்பாவை மருமகளிடமே நீட்டினாள்.

“மிச்சத்தக் கட்டி அனுப்பு. தண்ணி தெளியறதுக்குள்ள அங்க இருக்கணும்.”