பக்கத்தில் படுத்திருப்பவன்

"சுடுறவங்களுக்கும் வலிக்குமாப்பா?" என்று எபனேசரின் மகள் ஒருமுறை கேட்டிருந்தாள். தானே குண்டேற்றிக்கொள்ளும் போட்டித் துப்பாக்கியின் உதையில் அவனுக்குத் தோள் கன்றிப்போயிருந்தது. உதையைக் குறைக்கக் குழல்முனையில் மாட்டும் பிரேக் வாங்கப் போனான். போட்டிகளில் பக்கத்தில் படுத்துக் குறி பார்த்துச் சொல்லும் சுடலையும் உடன் வந்தான்.

"இதுல உதை குறைவு. ஆனா வெடிப்பைப் பக்கவாட்டுல தள்ளும். கூடப் படுத்திருக்கவர் காதுதான் பாவம்," என்றார் கடைக்காரர்.

"பொண்டாட்டி ஏசுறது கேக்கலன்னா எனக்கு லாபம்லா. வாங்குடே," என்று சுடலை சிரித்தான்.

பிரேக்கை மாட்டிச் சுட்ட சில மாதங்களில், காதடைப்பையும் மீறிச் சுடலைக்கு ஒரு காது போயிற்று. எபனேசர் வென்ற பதக்கத்துக்காகச் சபையில் ஸ்தோத்திரம் சொன்னபோது, சுடலை கேட்கும் காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

மறுநாள் ஆளில்லாத மைதானத்தில் எபனேசர் பிரேக்கைக் கழற்றிவிட்டு, கன்றிய தோளிலேயே துப்பாக்கியை ஊன்றிச் சுடப் பழகினான். சுடலைக்கு இன்னும் ஒரு காது மிச்சமிருந்தது.