பொன்ராஜின் கெண்டைக்கால்

“நீயெல்லாம் மனுசனாடா? எந்திரிச்சு நடக்க முடியாதவரை மூட்டை கணக்கா முதுகுல கட்டிக்கிட்டு மேடு ஏறுறியே!”

டீக்கடை வாசலில் நல்லதம்பி சத்தம் போட்டான். பொன்ராஜ் காதிலேயே வாங்கவில்லை. கம்பளிக் கட்டை அவிழ்த்து, முதுகிலிருந்த பழனிச்சாமியைப் பெஞ்சில் பதமாக இறக்கினான். அப்புறம் குனிந்து தன் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் அது. வருஷா வருஷம் தோட்டத்து விழாவில் ஆணழகன் போட்டி உண்டு. பொன்ராஜுக்கு நெஞ்சும் தோளும் கல்லு மாதிரி. முழங்காலுக்குக் கீழேதான் கொக்கு. அதனாலேயே நல்லதம்பியிடம் தோற்றுக்கொண்டிருந்தான். ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று அவனுக்கு வெறி.

“மேடு ஏறி எறங்கியே பழகுன காலு. சும்மா நடந்தா தேறாது. பாரத்தோட, குதிகால் தரையில படாம ஏறணும்” என்றான் பொன்ராஜ்.

“அதுக்குக் கொழுந்து மூட்டையைத் தூக்க வேண்டியதுதானே?”

“குதிகாலை ஊனிட்டா மூட்டை திட்டுமா?”

பழனிச்சாமி சிரித்துவிட்டார். “இன்னைக்கு வளைவுல ஊனத்தான் செஞ்சான். குலுங்குச்சுல்ல, எனக்குத் தெரியாதா?”

நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவர் பழனிச்சாமி. அதற்கப்புறம் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை. தூக்கிக்கொண்டு போகிறோம் என்று யார் வந்தாலும், “செத்த பெறகு தூக்குங்கடா” என்று விரட்டிவிடுவார்.

பொன்ராஜ் வந்து, “அண்ணே, என் காலு தேறணும். ஒத்தாசை பண்ணுங்க” என்று நின்றபோதுதான் மனசு இறங்கினார். ஒத்தாசை கேட்டு வந்தவனை விரட்ட முடியுமா?

அதிலிருந்து தினமும் சாயங்காலம் டீ, ரேடியோ, ஊர் வம்பு. மனுஷன் முகமே தெளிந்துவிட்டது. ஆனாலும் லயத்துக்கு வாய் சும்மா இருக்குமா? தன் ஆசைக்கு ஓர் ஆளை இந்தப் பாடு படுத்துகிறானே என்று பொன்ராஜைக் கரித்துக் கொட்டியது.

விழா நாளும் வந்தது. பழனிச்சாமி முன்வரிசையில் உட்கார்ந்து, “ஜெயிச்சிட்டு வாடா. நாளையிலேருந்து ஒன் முதுகுக்கும் லீவு, எனக்கும் லீவு” என்றார்.

மேடையில் நெஞ்சு, தோள், கை எல்லாவற்றிலும் பொன்ராஜும் நல்லதம்பியும் சமம். நடுவர் மத்தியாஸ் மாஸ்டர், “திரும்பி நில்லுங்க. குதிகாலை எம்பி, கெண்டைக்காலைக் காட்டுங்க” என்றார்.

நல்லதம்பி எம்பினான். பொன்ராஜ் எம்பவில்லை.

“எம்புடா! டேய், எம்புடா!” பழனிச்சாமிக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பொன்ராஜ் குதிகாலைப் பலகையில் பதித்து அப்படியே நின்றான். கெண்டை திரளவே இல்லை.

பரிசு நல்லதம்பிக்குப் போனது.

வழியெல்லாம் முதுகிலிருந்தபடியே பழனிச்சாமி பொரிந்து தள்ளினார். “கைக்கு வந்த பரிசை விட்டுட்டியேடா!”

“நரம்பு புடிச்சுக்கிச்சுண்ணே.”

“அடுத்த வருஷம் பாத்துக்கிறேன். நாளையிலேருந்து பெரிய மேட்டு வழியாத்தான் போறோம்.”

“சரிண்ணே.”

அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்தால், பொண்டாட்டி முத்துப்பேச்சி கொதித்துக்கொண்டிருந்தாள்.

“நரம்பாவது, புடிக்கிறதாவது! காலையிலகூட வாசப்படியில எம்பிக் காட்டினீங்க. உருண்டு திரண்டு நின்னுச்சு. வேணும்னேதானே எம்பல?”

பொன்ராஜ் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“சத்தம் போடாத புள்ள. காலு தேறிடுச்சுன்னு தெரிஞ்சா, நாளைக்கு அண்ணன் என் முதுகுல ஏறுவாரா?”